போர்மேன் விரிக்கும் பூ

ராத்திரி வானத்தில் ஒரு பேன்சி வெடி நமக்குக் காட்சி தருவது சில விநாடிகள்தான். அதற்குள் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. குண்டு சாயாமல் நேராக ஏறுகிறதா? ஏற்றம் முடிந்து, இறக்கம் தொடங்குவதற்கு முன்னால், அந்த உச்சியில் வைத்துச் சரியாக விரிகிறதா? நாலாபக்கமும் ஒரே தூரத்துக்குப் பரவி வட்டம் முழுசாக நிற்கிறதா? பொறிகள் எல்லாம் ஒன்றாக நிறம் மாறி, ஒன்றாக அணைகின்றனவா? இதில் கடைசியாகச் சொன்னதுதான் ரொம்பக் கஷ்டம். மற்றவை அணைந்த பிறகும் ஒன்றிரண்டு பொறி எரிந்துகொண்டே கீழே இறங்கினால், உள்ளே வைத்த கலர் உருண்டைகளின் அளவு ஒன்றுபோல் இல்லை என்று அர்த்தம். கூட்டம் 'ஓ' என்று கத்தும் அந்த நேரத்தில் யாரோ ஒருவர் மட்டும் பின்தங்கிய அந்த ஒற்றைப் பொறியையே பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் ஏதாவதொரு பட்டாசு ஆலையில் போர்மேனாக இருப்பார்.

சிவகாசிப் பட்டாசு என்று நாம் வாங்குவதில் பெரும்பங்கு நகருக்குள் செய்யப்படுவதில்லை. வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கத்துக் கரிசல் காடுகளில், தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகளில் அது உருவாகிறது. தாயில்பட்டி அப்படிப்பட்ட ஊர்களில் ஒன்று. இந்த வட்டாரத்தின் தொழில் வரலாற்றை யார் சொன்னாலும் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததிலிருந்து தொடங்குவார்கள். தொடங்கத்தான் வேண்டும்; வானம் பார்த்த பூமிக்கு ஒரு பிழைப்பைக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். ஆனால் அதன் பிறகு வந்த பட்டாசுத் தொழிலில், தலைமுறை தலைமுறையாக மருந்தின் அளவைத் திருத்தி, திரியின் நீளத்தைத் திருத்தி, குழாயின் கனத்தைத் திருத்தி இந்தச் சரக்கைத் தேர்ச்சியான சரக்காக்கிய போர்மேன்களின் பெயர் எதிலும் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் பொறியியல் கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள். ஆனாலும் பொறியாளர் என்று அவர்களைச் சொல்ல எனக்குத் தயக்கம் கிடையாது. பொருளின் குணமறிந்து அளவை முடிவு செய்கிறார்கள், செய்து பார்க்கிறார்கள், தவறினால் காரணம் தேடுகிறார்கள், விளைவுக்குப் பொறுப்பேற்கிறார்கள். பொறியாளரின் வேலை இதுதானே?

ஒரு புஸ்வாணத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். அது ஏன் கூம்பாக இருக்கிறது? நின்றால் விழாது என்பதற்காக மட்டும் இல்லை. நெருப்பு மேலே, குறுகலான இடத்தில் பற்றுகிறது. அங்கே எரிவதற்கு மருந்து கொஞ்சம்தான். அதனால் முதலில் சாண் உயரத்துக்குப் பூ தூவுகிறது. எரிந்து கீழே இறங்க இறங்கக் கூம்பு அகலமாகிறது. ஒரே நேரத்தில் எரியும் பரப்பு கூடுகிறது, புகையும் வாயுவும் கூடுகின்றன. வெளியேறும் வாயோ அதே சின்ன ஓட்டைதான். அழுத்தம் ஏற ஏறப் பூ ஆளுயரம் தாண்டி எழும்புகிறது. அடிக்குப் போனதும் சட்டென்று நின்றுவிடுகிறது. குழந்தைகள் கைதட்டுகிற அந்த ஏறுமுகம் கூம்பின் வடிவத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இதில் போர்மேனின் கை எங்கே இருக்கிறது என்றால், கிட்டித்த மருந்தின் இறுக்கத்தில். தளர்வாக நிரப்பினால் நெருப்பு இடுக்குகளில் புகுந்து ஒரே மூச்சில் எல்லாம் எரியும், புஸ்வாணம் வெடித்துவிடும். காய்ந்த மருந்தில் மயிரிழை விரிசல் விட்டாலும் அதே கதிதான். வாய் பெரிதானால் பூ எழும்பாது, சிறிதானால் கூம்பு கிழியும். இரும்புத்தூள் நைசாக இருந்தால் பொறி பிறந்த இடத்திலேயே சாகும்; பருமனாக இருந்தால் சிவந்து போய்த் தரையில் விழும். தங்கநிறப் பொறி காற்றில் கிளைவிட்டுச் சிதறுவதற்கு ஒரு பருமன் உண்டு. அதைச் சல்லடை எண் சொல்லும். விரல் நுனியும் சொல்லும். பழகிய போர்மேன்கள் இரண்டு விரலுக்கிடையில் தூளைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது போன லோடு மாதிரி இல்லை" என்று தள்ளிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

தொழிலுக்கு வெளியே இருப்பவருக்கு இவர்களின் பழக்கங்கள் விசித்திரமாகத் தெரியும். டெரிகாட்டன் சட்டை போட்டுக்கொண்டு ஆலைக்குள் வர மாட்டார்கள். கோடையோ மழையோ பருத்திதான். நிழலில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே யார் இடுப்பில் சாவிக்கொத்து தொங்குகிறது, யார் காலில் செருப்பு இருக்கிறது என்று கண் போய்வரும். அறைக்குள் நுழையும் முன் வாசலில் பதித்த உலோகத் தகட்டைத் தொடுவார்கள். உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம் மண்ணில் இறங்க வேண்டும். வீட்டில்கூட வாசல் நிலையைத் தொட்டுவிட்டு உள்ளே போகிற பழக்கம் சிலருக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆட்களை எண்ணுவார்கள். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் நிற்பதைப் பார்த்தால் பேச்சு பாதியில் நின்றுவிடும். வெயில் ஏறுவதற்குள் கலவை வேலை முடிய வேண்டும் என்பதால் விடியலில் எழுந்து வானம் பார்ப்பார்கள்.

இவற்றில் என்னை மிகவும் கவர்ந்தது மூக்கு. அலுமினியத் தூளும் வெடியுப்பும் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் உள்ளுக்குள் ஒரு வேதிவினை தொடங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. மெல்லச் சூடேறும், அமோனியா வாடை கிளம்பும். அந்தச் சூடு வளர்ந்தால் யாரும் தொடாமலே மருந்து பற்றிக்கொள்ளும். இதைத் தடுக்க போரிக் அமிலம் சேர்க்கும் வழக்கம் உண்டு. என்றாலும் அனுபவமுள்ள போர்மேன் தட்டின் அருகே குனிந்து ஒரு கணம் மூச்சை இழுப்பார், புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய் வெம்மை பார்ப்பார். பிறகு ஒன்றும் சொல்லாமல் அடுத்த அறைக்குப் போய்விடுவார். கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்கக் கூடாது என்று அவர் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணமும் இதுதான். ராத்திரி முழுக்க அந்த மருந்து என்ன செய்துகொண்டிருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

இந்த வட்டாரத்தில் இந்தத் தொழில் வேரூன்றியதற்கு மழைக்குறைவும் ஒரு காரணம். காய்ந்த காற்றில் சரக்கு சீக்கிரம் காயும். ஆனால் தீபாவளி வருவது ஐப்பசியில், அடைமழைக் காலத்தில். வெயிலில் பிறந்த சரக்கு தூறலில் பற்ற வேண்டும். சென்னையில் கடற்காற்று, டெல்லியில் பனிமூட்டம், இரண்டிலும் திரி ஒரே வேகத்தில் எரிய வேண்டும். இந்தக் கணக்கையெல்லாம் சித்திரை வெயிலில் நின்றுகொண்டு போடுகிறவர் போர்மேன்.

வானவெடிக்கு வருவோம். குழாயின் அடியில் இருக்கும் மருந்து குண்டை மேலே தூக்கும். தூக்குகிற அதே நெருப்பு குண்டின் தாமதத் திரியையும் பற்றவைக்கும். குண்டு ஏறிக்கொண்டிருக்கும்போது திரி உள்ளே எரிந்துகொண்டிருக்கும். திரி தீரும் நேரமும் குண்டு உச்சியில் நிற்கும் நேரமும் ஒன்றானால் பூ உருண்டையாக விரியும். கொஞ்சம் முந்தினால் குண்டின் வேகம் பூவை மேல்நோக்கி இழுக்கும். பிந்தினால் பூ கீழே சரியும். திரியில் ஒரு துண்டு நீளம்தான் இந்த வித்தியாசத்தைச் செய்கிறது. நூற்றிருபது, இருநூற்று நாற்பது ஷாட் பெட்டிகளில் ஒவ்வொரு குழாய்க்கும் இந்தக் கணக்கு உண்டு. கூடவே, ஒரு குழாய்க்கும் அடுத்த குழாய்க்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, எந்த நிறத்துக்குப் பின் எந்த நிறம், முடிவில் எத்தனை குழாய் ஒன்றாகக் கிளம்ப வேண்டும் என்ற தாளக்கட்டும் உண்டு. நல்ல பெட்டியில் நடுவே சின்ன மௌனம் வைத்திருப்பார்கள். முடிந்துவிட்டது என்று ஜனம் திரும்பும் நேரத்தில் கடைசி வரிசை எழும். அதை வைத்தவருக்கு மேளக்காரரின் காது இருக்க வேண்டும்.

நிறங்களில் நீலம்தான் பரீட்சை. தாமிரம் நீலம் தரும். ஆனால் சுடர் கொஞ்சம் சூடேறினாலும் நிறத்தைக் கொடுக்கும் மூலக்கூறு சிதைந்து வெளிறிப்போகும். குறைந்த சூட்டில், அணையாமல் எரிய வைக்க வேண்டும். ஸ்ட்ரான்சியம் தரும் சிவப்பில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. வானத்தில் ஆழ்ந்த நீலம் கண்டால் நான் எழுந்து நிற்கிறேன். அது எளிதில் அமைவதில்லை.

சட்டம் மாறும்போதெல்லாம் சுமை வந்து இறங்குவதும் போர்மேன் தலையில்தான். 1992-இல் குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவை தடை செய்யப்பட்டது. லேசான உராய்வில் வெடிக்கும் கலவை அது. தடை பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கும் என்றே நம்புகிறேன். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. பேரியம் போனதும் பச்சை நிறம் போனது. கம்பி மத்தாப்பின் வெள்ளைப் பொறியும் ஆட்டம் கண்டது. நாக்பூரின் நீரி ஆய்வகம் பசுமைப் பட்டாசுக்கான கலவைகளை உருவாக்கிக் கொடுத்தது. அந்த விஞ்ஞானிகளின் உழைப்பு பாராட்டப்பட வேண்டியது, பாராட்டவும் பட்டது. ஆனால் தாளில் உள்ள விகிதம் தாயில்பட்டி வெயிலில், இந்த மாதம் வந்திறங்கிய அலுமினியத் தூளோடு, இந்தக் காகிதக் குழாயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கண்டுபிடித்தாக வேண்டியவர் வேறொருவர். வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டரில் 125 டெசிபல் தாண்டக் கூடாது, ஆனால் வாங்கியவனுக்கு வெடி வெடித்த திருப்தியும் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடம் மிகக் குறுகல். அதில் நின்று வேலை பார்த்தவர்களைப் பற்றி ஒரு பாராட்டுக் கூட்டமும் நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

தாயில்பட்டிப் பக்கத்து போர்மேன் ஒருவரிடம், "அண்ணாச்சி, தீபாவளிக்கு வீட்டுல என்ன வெடி போடுவீங்க?" என்று கேட்டேன்.

"பேரப்பிள்ளைக போடும். நான் மாடியில நின்னு பாப்பேன். எது எந்த ஒயரத்துல விரியுது, எது சாயுதுன்னு."

"நம்ம சரக்கு வந்தா தெரியுமா?"

"அது தெரியாமலா? நம்ம திரி எரியிற நேரம் நமக்குத் தெரியாதா தம்பி."

போர்மேனுடைய வேலையில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாள் ஒன்றும் நடக்காமல் எல்லோரும் மதியம் கை கால் கழுவிவிட்டு வேன் ஏறுவதுதான் அவருடைய சாதனை. அதற்குச் சம்பள ரசீதில் தனி வரி கிடையாது. விபத்து நடந்தால் மட்டும் மறுநாள் செய்தித்தாளில் அவர் பெயர் வரும்: உரிமையாளர், மேலாளர், போர்மேன் மீது வழக்குப்பதிவு. தவறு செய்தவர்களும் இருக்கிறார்கள். உரிமத்தைக் குத்தகைக்கு விட்டு, அறைக்குள் அளவுக்கு மேல் ஆளும் மருந்தும் அடைத்து, உயிர்களைப் பலி கொடுத்த ஆலைகள் உண்டு. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தை இந்த மாவட்டம் மறக்காது. அவசர ஆர்டர் நாளில் "இன்றைக்கு இவ்வளவுதான்" என்று சொல்கிற போர்மேனின் வார்த்தை எடுபடுகிற ஆலைதான் நல்ல ஆலை. ஒரு ஆலையின் தரத்தை அளக்க நான் கேட்கும் முதல் கேள்வி அது.

செய்தவரின் பெயரைச் சொல்லிப் பாராட்டும் ஊர்களும் உண்டு. ஜப்பானில் வாணவேடிக்கை பார்க்கிறவர்கள் வெடி விரிந்ததும் 'தாமாயா', 'காகியா' என்று கூவும் மரபு இருக்கிறது. இரண்டும் பழைய எடோ நகரின் வாணக்காரக் குடும்பங்களின் பெயர்கள். தாமாயா குடும்பம் 1843-இல் ஒரு தீ விபத்தால் நகரை விட்டே வெளியேற்றப்பட்டது. ஆனாலும் பார்க்கிறவர்கள் அந்தப் பெயரைக் கைவிடவில்லை. அகிதா மாகாணத்து ஓமகாரியில் 1910 முதல் நடந்துவரும் போட்டியில் வெடியைச் செய்த கைகளே போட்டியிடுகின்றன. வட்டம் எவ்வளவு முழுசு, நிறம் எவ்வளவு சுத்தம் என்று பார்த்துப் பரிசு கொடுக்கிறார்கள்.

நம் பெட்டிகளில் சாமி படம் இருக்கிறது, நடிகை படம் இருக்கிறது, ஆலையின் பெயரும் ஊரும் இருக்கின்றன. உள்ளே இருப்பதை உருவாக்கியவரின் பெயர் இல்லை. தாயில்பட்டி, வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசி ஆலை உரிமையாளர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: அடுத்த சீசனுக்கு அட்டை அச்சுக்குக் கொடுக்கும்போது, அவர் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு, ஓர் ஓரத்தில் உங்கள் போர்மேனின் பெயரைப் போடுங்கள். வழக்குப்பதிவில் வருவதற்கு முன்னால் அந்தப் பெயர் பெட்டியில் வரட்டும்.