பாட்டுக்குப் பின்னால் நிற்கும் தப்பு

மாசி வளர்பிறையில் காமன் கம்பம் ஊன்றிவிட்டால் ராகலை, ஹல்கரனோயா, உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களில் லயத்து இரவுகளுக்குத் தப்புச் சத்தம் வந்துவிடும். இலங்கை மலையகத்தின் காமன் கூத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. ரதியின் புலம்பல் பற்றி, மன்மதன் வேடம் பற்றி, கம்பம் கட்டும் சடங்கு பற்றி, பாடல்களின் சொல்வளம் பற்றி. தப்புக்காரருக்கு அந்த எழுத்துகளில் கிடைத்தது பெரும்பாலும் ‘தப்பு முழங்க’ என்ற இரண்டு சொற்கள்தான். கூத்தை இரவு முழுக்கத் தூக்கிப் பிடிப்பவர் அவர். அவரை வெறும் பக்கவாத்தியமாகப் பார்த்தது நம் ஆய்வுகளின் பெரிய குறை என்று நினைக்கிறேன். அவர் இசையமைப்பாளரும்கூட.

கதை எல்லோருக்கும் தெரிந்தது. சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதன் புறப்படுகிறான். ரதி போக வேண்டாம் என்கிறாள். அவன் போய் எரிகிறான். அவள் அழுது கேட்க, அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி உயிர் பெறுகிறான். இந்தக் கதையில் ஆளுக்கு ஆள் அடி மாறும். ரதியும் மன்மதனும் சேர்ந்து ஆடும்போது தப்பு நிதானமாக, ஆட்டக்காரரின் சலங்கை கேட்கும்படி தணிந்து நிற்கும். தூதன் ஓலை கொண்டு வரும்போது நடை துரிதமாகும். வீரபத்திரன் இறங்கும்போது கூட்டமே பின்வாங்கும் அளவுக்கு அடி முறுகும். இவை எதுவும் ஏட்டில் இல்லை. கூத்து மாஸ்டர் பாட்டை எடுத்த மாத்திரத்தில் எந்த அடி, எவ்வளவு நேரம், எங்கே அறுத்து நிறுத்துவது என்பதைத் தப்பு செட்டின் மூத்தவர் தீர்மானிக்கிறார். ஆட்டக்காரர் களைத்திருந்தால் நடையைக் குறைக்கிறார். பாடுகிறவருக்குப் பாட்டின் வரி மறந்தால், நினைவு வரும்வரை அதே அடியைச் சலிப்புத் தெரியாமல் சுற்றிச் சுற்றி அடிக்கிறார். மறந்தது கூட்டத்துக்குத் தெரிவதே இல்லை.

அவருடைய கையைக் கிட்ட இருந்து பார்க்க வேண்டும். தப்பு என்பது மரச்சட்டத்தில் தோல் இழுத்துக் கட்டிய ஒருமுகப் பறை. தோளில் மாட்டி, உடம்போடு அணைத்துக்கொண்டு அடிப்பார்கள். வலக்கையில் குட்டையான தடித்த குச்சி, இடக்கையில் நீளமான மெல்லிய குச்சி. கேட்கிறவர் காதில் முதலில் விழுவது தடித்த குச்சியின் அடி. கலை மெல்லிய குச்சியில்தான் இருக்கிறது என்பேன். இரண்டு பெரிய அடிகளுக்கு நடுவே அது தோலைத் தொட்டும் தொடாமலும் தட்டிக்கொண்டே இருக்கும். தூரத்தில் நிற்பவருக்கு அது தனியாகக் கேட்காது. ஆனால் அது நின்றால் ஆட்டக்காரரின் கால் தடுமாறும்.

ராகலையின் பனி இந்த வாத்தியத்துக்கு எதிரி. நள்ளிரவு தாண்டும்போது தோல் ஈரம் குடித்துத் தொய்ந்து, சத்தம் மந்தமாகிவிடும். அதற்காகவே கூத்துக் களத்தின் ஓரத்தில் கவ்வாத்து வெட்டிய தேயிலை மிளாறு போட்டு நெருப்பு எரிந்துகொண்டிருக்கும். ஒருவர் தப்பைக் காய்ச்சப் போனால் மற்றவர் அவருடைய அடியையும் சேர்த்துத் தாங்குவார். காய்ச்சியதை விரலால் சுண்டிப் பார்த்து, சுருதி ஏறியதும் திரும்பி வந்து, எந்த இடத்தில் ஆட்டம் இருக்கிறதோ அந்த இடத்திலேயே நுழைந்துகொள்வார்.

மலையக வாய்மொழி மரபு தொகுக்கப்படாமல் போகவில்லை. மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984) நாட்டார் பாடல்களைத் திரட்டினார். 1954இல் ஆங்கிலத்தில் வந்த அவருடைய தேயிலைத் தோட்டக் கவிதை நூலிலும் விடியற்காலைத் தப்புக்கு இடம் உண்டு. சாரல் நாடன் வாய்மொழி இலக்கியத்தையும், மாத்தளை வடிவேலன் பாரம்பரியக் கலைகளையும் எழுதினார்கள். இவர்கள் இல்லாவிட்டால் நம்மிடம் எதுவும் மிஞ்சியிருக்காது. ஆனால் காகிதத்தில் ஏறக்கூடியது சொல் என்பதால், தொகுப்புகள் சொல்லோடு நின்றன. அடி ஏறவில்லை.

உலகத்தில் வேறு இடங்களில் இந்த வகைக் கலைஞருக்கு என்ன கிடைத்தது என்று பார்க்கலாம். போல் மோஷியன் (1931–2011) என்ற அமெரிக்க ஜாஸ் டிரம்ஸ் கலைஞர், 1961 ஜூன் 25 அன்று நியூயோர்க்கின் வில்லேஜ் வான்கார்ட் அரங்கில் பில் எவன்ஸின் மூவர் குழுவில் வாசித்தார். பியானோவுக்கும் பேஸுக்கும் இடம் விட்டு, பிரஷ்ஷால் வருடியே காலத்தை உணர்த்திய வாசிப்பு அது. 1970களில் தன் சொந்த மெட்டுகளோடு தனிக் குழு நடத்தினார். பில் ஃபிரிசெல்லின் கிட்டாரும் ஜோ லொவானோவின் சாக்சபோனும் சேர்ந்த அவருடைய மூவர் குழுவில், தாளத்தை எண்ணிக் காட்டாமலே கேட்பவரைத் தாளத்துக்குள் வைத்திருந்தார். நம் பக்கத்தில் மிருதங்கத்துக்குப் பாலக்காடு மணி ஐயர் (1912–1981) இருந்தார். எங்கே வாசிக்காமல் இருக்க வேண்டும் என்று தெரிந்தவர் என்பதற்காகவும் அவரைக் கொண்டாடினார்கள். அடக்கம் ஒரு பெரும் வித்தை என்பதை இந்த இருவர் விஷயத்திலும் எழுத்தும் ஒலிப்பதிவும் சேர்ந்து நிறுவிவிட்டன. தப்புக்காரருடைய அடக்கத்தை நாம் அவருடைய சாதியின் பணிவாக எடுத்துக்கொண்டோம்.

இதை மறைத்துப் பேச முடியாது. காலையில் வேலைக்கு ஆள் திரட்டும் பிரட்டுக்குக் கூப்பிடவும் சாவுக்குச் சேதி சொல்லவும் தப்பு வேண்டியிருந்தது. அடித்தவரைத் திண்ணையில் உட்காரவைக்க மனம் வரவில்லை. சாவுத் தப்பு அடிக்க மாட்டோம் என்று இளைஞர்கள் மறுத்ததில் முழு நியாயம் உண்டு. அந்த மறுப்போடு சில அடிகளும் போய்விட்டன. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப ஒதுக்கியபோது, குடும்பங்கள் பிரிந்ததுபோலத் தப்பு செட்டுகளும் பிரிந்தன.

தமிழ்நாட்டில் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. மதுரைப் பக்கத்துப் பறையாட்டக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. மலையகத்திலும் மே தின ஊர்வலங்களிலும் மாணவர் விழாக்களிலும் தப்பு நிமிர்ந்து ஒலிக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் ஊர்வலத்துக்கு வேண்டியது நாலைந்து துள்ளல் அடிகள். ரதிக்குத் தணிந்து நிற்கும் அடி அங்கே தேவைப்படாது; தேவைப்படாதது மறக்கும்.

ஆகவே பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளுக்கும் நுண்கலைத் துறைகளுக்கும், கையில் ஃபோன் வைத்திருக்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். வரும் மாசியில் கூத்தைப் பதிவு செய்யும்போது மன்மதனை மட்டும் படம் பிடிக்காதீர்கள். தப்பு செட்டின் பக்கத்தில் ஒரு ஃபோனை விடியும்வரை வையுங்கள். மறுநாள் மூத்தவரிடம் உட்கார்ந்து, ஒவ்வோர் அடிக்கும் அவர் வைத்திருக்கும் பெயரைக் கேட்டு எழுதுங்கள். விழா நோட்டீஸில் உபயகாரர் பெயருக்கு மேலே அவருடைய பெயரை அச்சிடுங்கள்.