ஒளியில் நிற்கும் மகள்

ரவிவர்மா 1893இல் தீட்டிய ‘அதோ, அப்பா வருகிறார்’ என்னும் எண்ணெய் வண்ண ஓவியத்தில் அவர்தம் மகள் மகாபிரபா குழந்தையை ஏந்தி நிற்கிறார். பின்னணி மங்கிக் கிடக்க, ஒளி அவருடைய முகத்திலும் வெண்ணிற ஆடையிலும் குழந்தையின் மேனியிலும் நிலைகொள்கிறது. அவர்கள் எதிர்நோக்கும் தந்தையோ ஓவியத்தில் இல்லை.

அருளுரைக்கு உவமை தேடும் நாம், காணப்படாத தந்தையைக் கடவுளாகவும் காத்திருப்போரைத் திருச்சபையாகவும் கொள்ள விரைதல் இயல்பே. ஆயினும் ஓவியம் அதற்கு எளிதில் இடந்தரவில்லை. அக்குடும்பம் சார்ந்த மருமக்கள்தாய முறையில் மனை தாய்வழியினது. தந்தை வந்து செல்பவராகவே கருதப்பட்டார். தலைப்பு தந்தையை முன்னிறுத்தினும், தூரிகை மகளையே ஒளியில் நிறுத்துகிறது.

ஒருவரை உவமையாக்குமுன் அவரை அவராகவே காணல் வேண்டும். ஆயர்பணிக்கும் இது பொருந்தும்.