ஏறுவதற்கு ஒரு செலவு, இருப்பதற்கு ஒரு செலவு

2024 மே மாதத் தொடக்கம். காஞ்சிபுரத்தில் கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு ராத்திரி, கொழும்பிலிருந்து நண்பர் போன் செய்தார். அறுபதைத் தாண்டியவர். குரலில் பதினாறு வயது.

"தம்பி, நாங்கள் ஏறிட்டம்!"

"எதில் சார் ஏறினீர்கள்?"

"ரக்பியில ஐசே! கஸகஸ்தானை ஃபைனல்ல மடக்கியாச்சு. ஆசியாவின்ர மேல் வரிசைக்குப் போறம்!"

வாழ்த்துச் சொல்லிவிட்டு போனை வைத்தேன். ஆனால் மனசுக்குள் ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறானே, அவன் சும்மா இருப்பானா? பி.காம். படித்ததால் வந்த வினை. யாராவது 'ஏறிட்டேன்' என்று சொன்னால் 'மேலே இருக்க மாசம் எவ்வளவு ஆகும்?' என்று கேட்கத் தோன்றும். நல்ல குணம் இல்லைதான். ஆனாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ரக்பி என்றால் நம்மில் பலருக்கு முட்டை வடிவப் பந்தும், ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரளுவதும்தான் ஞாபகம் வரும். பக்கத்துத் தீவில் அப்படி இல்லை. கண்டி டிரினிட்டி கல்லூரியில் 1906லிருந்து ஆடுகிறார்கள். டிரினிட்டிக்கும் கொழும்பு ராயல் கல்லூரிக்கும் 1945லிருந்து 'பிராட்பி கேடயம்' என்று ஒரு போட்டி. அன்றைக்குத் தாத்தா, அப்பா, பிள்ளை மூன்று பேரும் ஒரே கலர் கொடியைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குப் போவார்கள். நம்மூர் கருட சேவைக்கு வெளியூரில் வேலை பார்ப்பவனெல்லாம் லீவு போட்டு வந்து சேருவானே, அந்த மாதிரி.

எனவே நண்பரின் சந்தோஷம் நியாயமானது. அதற்கு முந்தைய வருடம், 2023 மே மாதம், அரசாங்கத் தலையீடு என்று காரணம் காட்டி உலக ரக்பி அமைப்பு இலங்கையை சஸ்பெண்ட் செய்திருந்தது. அப்படி வாசலுக்கு வெளியே நின்ற அணி, ஒரே வருடத்தில் உள்ளே வந்து, நாலு பேரில் முதலாவதாக வந்து, மேல்படிக்கும் போகிறது என்றால் ஆட்டக்காரர்களுக்கு ஒரு சபாஷ் போட வேண்டும். போட்டாகிவிட்டது.

இனி விமர்சனம்.

முதலில் பெயரைக் கவனியுங்கள். இலங்கை ஜெயித்தது 'டிவிஷன் 1'. முதல் பிரிவு என்றுதான் யாரும் நினைப்பார்கள். இல்லை. அதற்கு மேலே 'சாம்பியன்ஷிப்' என்று ஒரு படி இருக்கிறது. ஆக, டிவிஷன் 1 என்பது இரண்டாவது படி. ஹோட்டலில் 'கிரவுண்ட் ஃப்ளோர்', 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்' என்று நம்மைக் குழப்புவார்களே, அதே கதை.

அடுத்தது, ஏறிய விதம். நான்கே அணிகள்: இலங்கை, கஸகஸ்தான், கத்தார், இந்தியா. (ஆமாம், இந்தியாவும் இருந்தது. உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டீர்கள்?) போட்டி நடந்த ஊர் கொழும்பு. சொந்த மண், சொந்த வெயில், சொந்தக் கூட்டம். ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வாய்ப்பு வந்தது, பிடித்துக்கொண்டார்கள். ஆனால் மேல்படியில் நடக்கும் பரீட்சை வேறு. அங்கே வாரக்கணக்கில் ஆட வேண்டும். ஊர் ஊராகப் போக வேண்டும். ஒருவனுக்குத் தோள்பட்டை போனால் அதே தரத்தில் இன்னொருவன் பெஞ்சில் இருக்க வேண்டும். ஒரு வாரப் பரீட்சையில் பாஸானதை வைத்து, ஒரு சீசன் தாங்குவோம் என்று சொல்ல முடியாது.

மூன்றாவதுதான் முக்கியம். இது முதல் தடவை அல்ல. 2010ல் இதே டிவிஷனை ஜெயித்து இலங்கை மேலே போனது. 2011ல் மேலே ஆடியது, 2012ல் கீழே வந்துவிட்டது. 2013ல் மறுபடி ஜெயித்தது, மறுபடி ஏறியது. 2014 மே 10ஆம் தேதி நகோயாவில் ஜப்பானைச் சந்தித்தது. ஸ்கோர் என்ன தெரியுமா? ஜப்பான் 132, இலங்கை 10.

நூற்று முப்பத்திரண்டு! எண்பது நிமிஷ ஆட்டம் சார் அது. நிமிஷத்துக்கு ஒன்றரைப் புள்ளிக்கும் மேலே.

ஆக, 2024ல் நடந்தது 'வரலாறு' என்றால் அதே வரலாறு பதினைந்து வருடத்துக்குள் மூன்றாவது தடவையாக நடக்கிறது. கணக்குப் படித்தவன் பாஷையில் இதை வரலாறு என்று சொல்ல மாட்டோம். சுழற்சி என்போம்.

* * *

இங்கே என் சித்தப்பாவைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

பிள்ளையார்பாளையத்தில் அவருக்கு ஒரு குழித்தறி. இருபது வருடம் ஒரு முதலாளிக்குக் கூலிக்கு நெய்தார். பட்டு முதலாளியுடையது, ஜரிகை முதலாளியுடையது, டிசைன் முதலாளியுடையது. சித்தப்பாவுடையது கை மட்டும். கோர்வைப் புடவை நெய்வதில் அவர் கையை மிஞ்ச ஆள் கிடையாது. உடம்பையும் கரையையும் தனித்தனி நாடாவில் ஓட்டி, ஒவ்வொரு இழையிலும் கோர்த்துக்கொண்டே போக வேண்டும். பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்து நாடாவை வாங்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

நான் பிளஸ் டூ முடித்த வருடம் அவருக்கு ஒரு ஆசை வந்தது. 'எத்தினி நாளைக்குக் கூலி? நாமளே தறி போட்டா இன்னா?' கடன் வாங்கினார். மூன்று தறி. தெருவே வாழ்த்தியது. சித்தி அதிரசம் சுட்டாள். ஒரு தட்டு நான் தின்றேன்.

அப்புறம்தான் தெரிந்தது, கூலி நெசவாளிக்குத் தெரியாத செலவெல்லாம் முதலாளிக்கு உண்டு என்று. பெங்களூர்ப் பக்கமிருந்து வரும் பட்டுக்கும், சூரத்திலிருந்து வரும் ஜரிகைக்கும் முன்பணம் கட்ட வேண்டும். நெய்த புடவையைக் கடைக்காரர் வாங்கிக்கொண்டு 'மூணு மாசம் கழிச்சு வாங்க' என்பார். நடுவில் ஆடி மாசம் வரும், கல்யாணம் கிடையாது. வெள்ளி விலை ஏறும். கூலிக்கு உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் சனிக்கிழமை தவறாமல் பணம் கொடுக்க வேண்டும். இரண்டே சீசன். இரண்டு தறியை விற்றுவிட்டு சித்தப்பா பழைய முதலாளியிடமே பாவு கேட்டுப் போய் நின்றார்.

கையில் திறமை குறைவா? இல்லவே இல்லை. காலேஜில் 'வொர்க்கிங் கேப்பிட்டல்' என்று பாடம் நடத்தியபோது எனக்கு ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. சித்தப்பா முகம்தான் கரும்பலகையில் தெரிந்தது. ஏறுவதற்குத் திறமை போதும். மேலே இருப்பதற்கு மூலதனம் வேண்டும்.

* * *

இதை நண்பரிடம் சொன்னேன். அவர் விடுவாரா? "தம்பி, அடி வாங்காமல் ஆர் பெரியாள் ஆனது? ஜப்பானைப் பாரும்!" என்றார்.

பார்த்தேன். நல்ல கேள்விதான். 1995 உலகக் கோப்பையில் ஜப்பானை நியூசிலாந்து 145-17 என்று துவைத்துக் காயப்போட்டது. இலங்கை வாங்கியதைவிடப் பெரிய அடி. அதே ஜப்பான் 2015 செப்டம்பரில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில், அதுவரை இரண்டு முறை உலகக் கோப்பை ஜெயித்திருந்த தென்னாப்பிரிக்காவை 34-32 என்று சாய்த்தது. 2019ல் தன் நாட்டிலேயே உலகக் கோப்பை நடத்தி, காலிறுதி வரை போனது.

ஆனால் அந்த 145க்கும் 34க்கும் நடுவில் இருபது வருடம் இருக்கிறது. அந்த இருபது வருடத்தில் என்ன நடந்தது? 2003ல் பெரிய பெரிய கம்பெனிகளின் அணிகளைச் சேர்த்து நாடு தழுவிய லீக் தொடங்கினார்கள். ஆட்டக்காரனுக்கு வேலை, சம்பளம், வருடம் முழுக்கப் பயிற்சி, கூடவே ஆட வெளிநாட்டு வீரர்கள். எட்டி ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலியக் கோச்சுக்கு 2012லிருந்து நாலு வருடம் விட்டுக்கொடுத்தார்கள். ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். இலங்கைக்கு 132 போட்டதும் அவர் அணிதான், பதினாறு மாதம் கழித்துத் தென்னாப்பிரிக்காவை வீழ்த்தியதும் அவர் அணிதான். அப்படிப்பட்ட ஆள்களிடம் இலங்கைப் பையன்களை அனுப்பிவிட்டு 'நல்லா ஆடுங்க' என்று சொன்னால் எப்படி?

ஜப்பானும் அடி வாங்கியது, இலங்கையும் வாங்கியது. ஜப்பான் அந்த அடியை முதலீடாக எழுதிக்கொண்டது. இலங்கை செலவாக எழுதிவிட்டது. லெட்ஜரில் எந்தப் பக்கம் எழுதுகிறோம் என்பதில்தான் விஷயம்.

இலங்கையின் மூலதனம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கூடத்தில். அங்கே கூட்டம் இருக்கிறது, பழைய மாணவர் பணம் இருக்கிறது, பாரம்பரியம் இருக்கிறது. பையன் பத்தொன்பது வயதில் வெளியே வருகிறான். அதற்கப்புறம் கண்டி மாதிரி ஒரு சில கிளப்புகள். இல்லையென்றால் ராணுவம், கடற்படை, விமானப்படை, போலீஸ் அணிகள். ரக்பிக்காரன் உடம்பு முறுக்கேறுவது அதற்கப்புறம்தான். பணம் வேண்டியதும் அதற்கப்புறம்தான். கூடவே அமைச்சர்கள். இலங்கையில் 1973ல் போட்ட விளையாட்டுச் சட்டப்படி தேசிய அணியின் பட்டியலுக்கே அமைச்சர் ஒப்புதல் வேண்டும். எந்த முதலீட்டாளர் பத்து வருடத் திட்டத்தோடு வருவார்? அமைச்சர் மாறினால் கமிட்டி மாறும். கமிட்டி மாறினால் கோச் மாறுவார்.

ஏணி வைத்திருப்பவர்கள் மீதும் ஒரு புகார் உண்டு. 2014ல் இலங்கை மேலே ஆடி முடித்த அடுத்த வருடமே ஆசிய மேல்படியை ஜப்பான், கொரியா, ஹாங்காங் என்று மூன்றே பேராகச் சுருக்கிவிட்டார்கள். ஐரோப்பாவில் இன்னும் மோசம். ஜார்ஜியா என்ற சின்ன நாடு 2022ல் இத்தாலியையும் ஜெயித்தது, வேல்ஸை அதன் சொந்த ஊரான கார்டிஃபிலேயே ஜெயித்தது. ஆனாலும் 'ஆறு நாடுகள்' போட்டிக்குள் நுழைய முடியாது. அங்கே ஏறுவது, இறங்குவது என்ற பேச்சே இல்லை. ஆக, ஒருத்தனுக்குக் கதவு திறந்திருக்கிறது, கையில் காசில்லை. இன்னொருத்தன் தயாராக நிற்கிறான், கதவு இல்லை. உலகம் எல்லா ஆட்டத்திலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

சரி, 2025ல் என்ன ஆனது? மேல்படியில் ஹாங்காங், கொரியா, ஐக்கிய அரபு எமிரேட்ஸ், இலங்கை. அதுவே 2027 ஆஸ்திரேலிய உலகக் கோப்பைக்குத் தகுதிச் சுற்றும்கூட. ஹாங்காங் கடைசி ஆட்டத்தில் கொரியாவை 70-22 என்று தோற்கடித்து, முதன்முறையாக உலகக் கோப்பைக்குப் போகிறது. இலங்கைக்கு எட்டவில்லை. நண்பர் போன் செய்யவில்லை. நானும் குத்திக்காட்டவில்லை.

* * *

'அடுத்த வீட்டுக் கணக்கைப் பார்த்தது போதும், நம் வீட்டுக் கணக்கு என்ன?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

2019ல் மணிலாவில் இந்தியப் பெண்கள் அணி சிங்கப்பூரை 21-19 என்று ஜெயித்தது. பதினைந்து பேர் ஆட்டத்தில் இந்தியப் பெண்களுக்கு அதுதான் முதல் சர்வதேச வெற்றி. கடைசி நேரத்தில் பெனால்டி உதைத்து ஜெயிக்க வைத்தவர் ஒடிசாவைச் சேர்ந்த சுமித்ரா நாயக். அந்தப் பெயரைத் தமிழ்நாட்டில் பத்துப் பேரிடம் சொல்லிப் பாருங்கள். 2025 ஜூனில் ஏழு பேர் ஆடும் ரக்பிக்கு பிரீமியர் லீக் வந்தது. முதல் கோப்பையை ஜெயித்தது யார்? சென்னை புல்ஸ்! ஃபைனலில் டெல்லியை 41-0 என்று ஊதித் தள்ளினார்கள். ஆனால் அந்த சீசனில் அத்தனை ஆட்டமும் மும்பை அந்தேரியில். சென்னை ஜெயித்ததைச் சென்னைப் பையன் டி.வி.யில்தான் பார்த்தான். பெயர் நம்முடையது, மைதானம் வேறு ஊருடையது. கூலி நெசவு ஞாபகம் வருகிறதா?

நான் சொல்வது 'ஏறாதே' என்று அல்ல. ஏறாமல் கீழேயே நின்று கப் வாங்கிக்கொண்டிருப்பது சோம்பேறித்தனம். ஏறுகிற அன்றைக்கே, மேலே மூன்று வருடம் தாங்குவதற்குப் பணமும் ஆளும் எங்கிருந்து வரும் என்று ஒரு தாளில் எழுதுங்கள் என்கிறேன். மாலை போடுவது அதற்கப்புறம் இருக்கட்டும்.

ரக்பியில் ஒரு விதி உண்டு. கையால் பந்தை முன்னால் வீசக் கூடாது. பின்னால் வருகிறவனிடம்தான் கொடுக்க வேண்டும். அவன் அதை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடுவான். இலங்கை ரக்பியை நடத்துபவர்கள், நம்மூரில் நடத்த வந்திருப்பவர்கள், எல்லோருமே ஜெயித்த பணத்துக்கும் இதே விதியைப் போட்டுக்கொள்ளலாம். பின்னால் வருகிற பத்தொன்பது வயதுப் பையன் கைக்கு அது போகிறதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் நாலாவது 'வரலாறு' வரும். அதற்கும் ஒரு 132 வரும்.

போன வாரம் சித்தப்பாவைப் பார்த்தேன். கண் மங்கிவிட்டது, தறியில் உட்காருவதில்லை. இந்தக் கதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"தோத்துட்டு வந்த பசங்களுக்கு அடுத்த மாசம் கூலி உண்டா?"

என் பி.காம்.மில் இதற்குப் பதில் இல்லை.