இல்லாத புகை

பிப்ரவரியில் இரவு ஒன்பது மணிவாக்கில் சுபாங் ஜெயாவில் ஓரியன் கிட்டத்தட்ட உச்சியில் நிற்கும். ஆனால் நெடுஞ்சாலை விளக்கும் மால் விளக்கும் சேர்ந்து வானத்தைச் சாம்பலும் ஆரஞ்சுமாக ஆக்கி வைத்திருக்கும். அந்த வானத்துக்குக் கீழே, எங்கள் கொண்டோவின் மேல்தளத்தில் நின்று குதிரைத்தலை நெபுலாவைப் படம் எடுத்தேன். ஐந்தைந்து நிமிடமாக, நான்கு இரவுகள், மொத்தம் ஏழு மணி நேர வெளிச்சம். படத்துக்கு நிறைய லைக் வந்தது. இந்தக் கட்டுரை அந்தப் படத்துக்கு எதிரானது.

இந்த மாதிரிப் படங்களைப் பற்றி வழக்கமாகச் சொல்லும் குறை ஒன்று உண்டு: "கலரெல்லாம் பொய்ங்க." எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 1995இல் ஹபிள் எடுத்த 'படைப்பின் தூண்கள்' படத்தில் கந்தகத்தின் ஒளிக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று ஒதுக்கினார்கள். நிஜத்தில் கந்தகம், ஹைட்ரஜன் இரண்டின் ஒளியும் சிவப்புதான். ஆனாலும் அந்தப் படம் ஏமாற்றவில்லை. ஒவ்வொரு நிறத்துக்குப் பின்னாலும் அளந்த ஒளி இருக்கிறது, விதியையும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள். நல்ல மொழிபெயர்ப்பு அப்படித்தான் இருக்கும்.

என் படத்தின் சிக்கல் வேறு. குதிரையின் கழுத்துக்குக் கீழே மெல்லிய புகை இழைகள் ஓடின. பார்த்தவர்கள் அதைத்தான் அதிகம் பாராட்டினார்கள். பிறகு நல்ல இருட்டில் எடுத்த படங்களோடு ஒப்பிட்டேன். எதிலும் அந்த இழை இல்லை. மங்கலான பகுதியை நான் அளவுக்கு மீறி வெளிச்சமாக்கியிருந்தேன். அங்கே இருந்த வெறும் புள்ளி இரைச்சலை மென்பொருள் வழவழப்பாக்கி நூலாகத் திரித்துவிட்டது. மூலத்தில் இல்லாத வரியை மொழிபெயர்ப்பாளன் சேர்த்த கதை.

இதே நெபுலாவை முதலில் கவனித்தவர் வில்லியமினா ஃபிளெமிங். ஹார்வர்ட் வானாய்வக இயக்குநர் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்து ஆய்வகத்துக்கு வந்தவர். 1888இல் எடுத்த ஒரு கண்ணாடித் தகட்டில், ஒளிர்ந்த பகுதியின் ஓரத்தில் அரைவட்டமாக ஒரு பள்ளம் இருப்பதாகக் குறித்தார். குதிரை என்று அவர் எழுதவில்லை. தகட்டில் தெரிந்தது பள்ளம், எழுதியதும் பள்ளம். மங்கலான ஒன்றை வாசிக்க அந்த அடக்கம் வேண்டும். எனக்கு அது இல்லாமல் போயிற்று.

படத்தை எடுத்துவிட்டு, அதே ஏழு மணி நேரத்தை மறுபடி அடுக்கினேன். இப்போது புகை இல்லை, புள்ளி நிறைய. எப்படிச் செய்தேன் என்று கீழே எழுதினேன். லைக் பாதிகூட வரவில்லை.

அந்த வாரம் தங்கச்சிக்கு ஆறு அங்குலத் தொலைநோக்கியில் ஓரியன் நெபுலாவைக் காட்டினேன். மங்கிய வெளிச்சத்தில் நம் கண் நிறம் பிரிக்காது.

"என்னண்ணே, கலரே இல்ல?"

"நேரா பாக்காத. கொஞ்சம் ஓரமா பாரு. அவசரப்படாத."

ரொம்ப நேரம் பேச்சில்லை. கொசு அடித்தாள். மறுபடி குனிந்தாள்.

"அண்ணே, றெக்கை மாதிரி ஒண்ணு இருக்கு. இல்ல... இருங்க. இருக்கான்னு இன்னொரு தடவை பாத்துட்டுச் சொல்றேன்."