முதலாளிக்குப் பின்னால் ஒரு முகம்

1998-இல் வந்த ஹிந்திப் படமான ‘தூல்ஹே ராஜா’வைக் கோவிந்தாவுக்காகப் பார்த்தவர்கள்தான் அதிகம். நான் இன்றும் அதைப் போட்டுப் பார்ப்பது நகைச்சுவை நடிகர் ஜானி லீவருக்காக. காதர் கானின் பெரிய ஓட்டலில் அவர் மேனேஜர், பெயர் பாங்கே. ஓட்டல் வாசலில் டாபா போட்டு உட்கார்ந்துவிட்ட கோவிந்தாவை எப்படிக் கிளப்புவது என்று முதலாளி மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார். மேனேஜரோ இரண்டு பக்கமும் நல்ல பிள்ளை. ஜானியின் முதுகை மட்டும் கவனியுங்கள். முதலாளி பேசும்போது குழைந்து வளைந்திருக்கும். அவர் அந்தப் பக்கம் திரும்பினாலும் முதுகு நிமிராது, கண் மட்டும் நிமிரும். உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்து, முதலாளி திரும்புவதற்குள் காணாமல் போய்விடும். மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த யாருக்கும் அந்தக் கண்ணைத் தெரியும்.

அந்தப் படம் அவருக்குப் பிலிம்பேர் விருது வாங்கிக் கொடுத்தது. அதற்கு முந்தைய விருது ‘தீவானா மஸ்தானா’வுக்கு. ஆனால் பாங்கே பிறந்தது சினிமாவில் அல்ல, சோப்புத் தொழிற்சாலையில்.

ஜான் பிரகாஷ் ராவ் ஜனுமலா என்பது பெற்றோர் வைத்த பெயர். 1957-இல் ஆந்திராவின் கனிகிரியில் தெலுங்குக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, மும்பையில் தாராவி, மாட்டுங்கா பக்கம் வளர்ந்தவர். வீட்டுக்கு மூத்த பிள்ளை. காசில்லாமல் ஏழாவதோடு படிப்பு நின்றது. தெருவில் பேனா விற்றார். அந்தக் காலத்து நடிகர்களைப் போலப் பேசிக் காட்டி, பாட்டுக்கு ஆடிக் காட்டித்தான் விற்றார். டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவன் எப்படியும் சிரிக்கத் தயாராக வந்தவன். ரயிலைப் பிடிக்க ஓடுகிறவனை நிறுத்திச் சிரிக்கவைத்து, அவன் சட்டைப் பையில் கை விட வைப்பது வேறு வித்தை. ஜானியின் நகைச்சுவையில் பீடிகையே இருக்காது, வந்து நின்ற நொடியிலேயே வேலை ஆரம்பித்துவிடும். அந்த வேகம் பேனா விற்ற பிளாட்பாரத்தில் வந்தது என்றே நினைக்கிறேன்.

அப்பா ஹிந்துஸ்தான் லீவர் தொழிற்சாலையில் ஆபரேட்டர். மகனும் அங்கேயே சேர்ந்தார். ஊழியர்கள் கூடிய ஒரு விழாவில் கம்பெனியின் மேலதிகாரிகளைப் போல நடித்துக் காட்ட, கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர்தான் ஜானி லீவர். ஹிந்தி நடிகர்கள் அசோக் குமாரையோ ராஜ்குமாரையோ போலப் பேச ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். நம்முடைய அதிகாரி கோபம் வந்தால் முதலில் கண்ணாடியைக் கழற்றுவாரா, பேனாவை மூடுவாரா என்பது அவரிடம் தினமும் திட்டு வாங்குகிறவனுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். அதை மேடையில் போட்டு உடைத்துவிட்டு, மறுநாள் காலை அதே அதிகாரியின் கீழ் ஷிப்ட்டுக்குப் போக வேண்டும். ஆகவே, குத்த வேண்டும், ரத்தம் வரக் கூடாது. இந்த அளவு தெரிந்தவர்கள் குறைவு.

காது விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். தாராவியில் திருநெல்வேலிச் சீமைத் தமிழர், தெலுங்கர், மராத்தியர், பானை வனையும் குஜராத்திகள், உத்தரப் பிரதேசத்து முஸ்லிம்கள் எல்லோரும் பேசுவது ஹிந்திதான். ஆனால் ஒவ்வொருவர் வாயிலும் அது வேறு மொழி. ஹிந்தியில் பஸ் ஆண்பாலா பெண்பாலா என்று கடைசிவரை தெரியாமலே முப்பது வருஷம் மும்பையின் ‘பெஸ்ட்’ பஸ்ஸில் போய்வந்த தமிழர்களை எனக்குத் தெரியும். ஹிந்திப் படம் இதை எப்படிப் பார்த்தது? ‘படோசன்’ (1968) படத்தில் மெஹ்மூத் குடுமியும் நெற்றிப்பட்டையுமாக வந்த பாட்டு வாத்தியாரை மாட்டுங்காத் தமிழர்களும் ரசித்தார்கள். ஆனால் அது தூரத்திலிருந்து பார்த்த மதராஸி. ஜானி அதே சந்தில் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர். அவர் காட்டும் தென்னிந்தியரிடம் உச்சரிப்பு மட்டுமல்ல, சரியான சொல் கிடைக்காத நேரத்தில் கை காற்றில் தேடுகிற தேடலும் இருக்கும். நம்மை வைத்துத்தான் சிரிக்கிறார், கோபம் வருவதில்லை.

மேடைக்காரர் என்ற முறையில் அவர் பாட்டுக் கச்சேரிகளின் இடைவெளியில் வளர்ந்தவர். பாடகர் மாறும் ஐந்து நிமிஷத்தில் மைக்கைக் கையில் கொடுத்து அனுப்புவார்களே, நம் ஊர் ஆர்கெஸ்ட்ராக்களிலும் உண்டு, அந்த வேலை. இசையமைப்பாளர்கள் கல்யாண்ஜி-ஆனந்த்ஜியின் குழுவில் சேர்ந்தார், 1981-இல் கம்பெனி வேலையை விட்டார், 1982-இல் அமிதாப் பச்சனின் வெளிநாட்டுச் சுற்றுப்பயண மேடைகளில் ஏறினார். ‘ஹன்சி கே ஹங்காமே’ கேசட் வீட்டுக்கு வீடு ஓடியது. முகத்தால் ஜெயித்தவர் என்று நினைக்கும் நடிகரின் வெறும் குரலைக் கேட்க அது நல்ல சந்தர்ப்பம்.

தாராவிக்கும் செம்பூரில் ராஜ்கபூர் கட்டிய ஆர்.கே. ஸ்டுடியோவுக்கும் சில மைல்கள்தான். அதைக் கடக்கத்தான் இவ்வளவு சுற்று. சுனில் தத் ‘தர்த் கா ரிஷ்தா’வில் (1982) வாய்ப்புக் கொடுத்தார். ‘ஹோப் 86’ நிகழ்ச்சியில், அங்கும் இடைவெளியை நிரப்பத்தான், திரையுலகமே உட்கார்ந்திருந்த சபையில் மேடையேறினார். ‘ஜல்வா’ (1987) வந்தது, ‘தேசாப்’ (1988) வந்தது.

பிறகு ‘பாஜீகர்’ (1993). ஷாருக் கான் கொலை மேல் கொலையாகச் செய்துகொண்டிருக்கும் படத்தில் ஞாபகமறதி வேலைக்காரன் பாபுலால். போனில் வந்த சேதியை எஜமானர் வீட்டாரிடம் சொல்ல வேண்டும். பெயர் ஒரு பக்கம், விஷயம் ஒரு பக்கம், சம்பந்தமே இல்லாத ஐஸ்கிரீம் நடுவில். உளறுகிறோம் என்ற சந்தேகம் அவர் முகத்தில் துளிகூட இருக்காது. பொறுப்பான ஊழியனின் கம்பீரத்தோடு தப்பான தகவலைக் கொண்டுவந்து ஒப்படைப்பார். அதுதான் விசேஷம். நம் கவுண்டமணி முதலாளியையே தூக்கியெறிந்து பேசுவார். வடிவேலு அடி வாங்கி, அடி வாங்கியதையே சிரிப்பாக்குவார். ஜானி இரண்டும் செய்வதில்லை. எதிர்ப்பதில்லை, அடி வாங்குவதுமில்லை. சொன்னபடி எல்லாம் செய்து, முதலாளியின் காரியத்தைக் கெடுத்துவிடுவார்.

குறை இல்லாமல் இல்லை. தொண்ணூறுகளில் வாரம் ஒரு படம் என்கிற மாதிரி அவர் முகம் வந்தது. எழுத்தாளர் எழுதாத இடத்தையெல்லாம் அவர் தலையில் கட்டினார்கள், அவரும் கத்தியும் கண்ணை உருட்டியும் நிரப்பினார். ‘குச் குச் ஹோதா ஹை’யின் கர்னல் அல்மேதா அந்த ரகம். ஆங்கிலேய மோகத்தைக் கேலி செய்ய அவ்வளவு சத்தம் வேண்டாம். ‘ஹேரா ஃபேரி’ (2000) வந்தபின் கதாநாயகர்களே காமெடியை எடுத்துக்கொண்டார்கள். தனி டிராக் காமெடியனுக்கு வேலை சுருங்கியது. ‘கோல்மால்’ வரிசையில் மூன்றாவது படத்தில் (2010) மறதிக்கார ரவுடியாக வந்தபோது தியேட்டர் மறுபடி குலுங்கியது. மறதியை அவரிடம் கொடுத்தால் வீண் போகாது.

மகள் ஜேமி லண்டனில் மார்க்கெட்டிங் படித்து, அங்கேயே வேலையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து மேடை ஏறினார். ஆஷா போஸ்லேயாகவும் ஃபரா கானாகவும் மாறுவதில் கெட்டிக்காரி. அப்பாவைவிடக் குரல் சுத்தம், நேரக்கணக்கும் பிசகாது. ஆனால் அவர் காட்டுவது பெரும்பாலும் ஊரறிந்த பிரபலங்களை. யாருக்கும் பெயர் தெரியாத ஒரு சூப்பர்வைசரை மேடையில் நிறுத்தி, அவரைப் பார்த்தேயிராத ஆயிரம் பேரை ‘அட, இவரேதான்’ என்று சொல்ல வைக்க இன்னும் அப்பாதான் வர வேண்டியிருக்கிறது. பழைய மேடைப் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஹிந்தி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, முதுகைப் பார்த்தால் போதும்.