ஒப்புக்குச் சப்பாணி: ஆட்டக்களமும் அவுட் ஆகும் உரிமையும்

1

"தம்பியையும் சேத்துக்கங்கடா" என்று வாசலில் நின்று ஒரு தாய் சொல்கிறாள். ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு அந்தச் சின்னப் பயல் இடைஞ்சல். தாயின் சொல்லைத் தட்டவும் முடியாது. கூடிப் பேசுகிறார்கள். "சரி வா, நீயும் உண்டு" என்று அவனிடம் சொல்லிவிட்டுத் தங்களுக்குள் கண்ணைக் காட்டிக்கொள்கிறார்கள்: "ஒப்புக்குச் சப்பாணிடா." அதன்பிறகு அவன் ஓடலாம், கத்தலாம், யாரை வேண்டுமானாலும் தொடலாம். அவன் தொட்டால் யாரும் அவுட் இல்லை. அவனைத் தொட்டாலும் அவன் அவுட் இல்லை. ஆட்டம் முடிகிறவரை ஆடிக்கொண்டே இருப்பான். ஆட்டக் கணக்கில் இருக்க மாட்டான்.

கன்னிவாடிப் பக்கத்துத் தெருக்களில் புழங்கும் இந்தச் சொல் தமிழ் பேசும் ஊர்கள் பலவற்றிலும் உண்டு. சப்பாணி என்றால் கால் வழங்காதவன், தரையில் உட்கார்ந்து நகர்கிறவன். போலியான சேர்க்கைக்கு ஒரு பெயர் தேவைப்பட்டபோது நம் மொழி ஊனமுற்ற உடலிலிருந்து அதை எடுத்துக்கொண்டிருக்கிறது. சின்னத் தம்பி இரண்டு வருடத்தில் வளர்ந்துவிடுவான். ஒப்புக்குச் சப்பாணியாக இருப்பதிலிருந்து அவனுக்கு விடுதலை உண்டு. யாருடைய உடலிலிருந்து அந்தப் பெயர் எடுக்கப்பட்டதோ அவனுக்கு அந்த விடுதலை இல்லை.

ஊனமுற்ற குழந்தைகளுக்கான விளையாட்டிடம் குறித்து இப்போது நடக்கும் பேச்சு முழுவதும் 'சேர்ப்பது' பற்றியதாக இருக்கிறது. என்ன நிபந்தனையின் பேரில் சேர்க்கிறோம் என்பதைத் தெருச் சொல் வெகுநாட்களுக்கு முன்பே அம்பலப்படுத்தி வைத்திருக்கிறது. அவுட் ஆக முடியாத ஒருவர் ஆட்டத்தில் இல்லை. விளையாட்டிடம் பற்றிய நம் கோரிக்கைகளை இந்த இடத்திலிருந்து திருப்பி யோசிக்க வேண்டியிருக்கிறது.

2

நம் விளையாட்டுகளின் பெயர்களையே ஒரு பிரதியாக வாசிக்கலாம். 'நொண்டி' என்று ஓர் ஆட்டம். கோட்டுக்குள் வருகிறவன் ஒற்றைக் காலில் குதித்து மற்றவர்களைத் தொட வேண்டும். தூக்கிய காலை ஊன்றினால் அவுட். 'கண்ணாமூச்சி'யில் கண்ணைக் கட்டிக்கொண்டு தேட வேண்டும். இரண்டிலும் ஊனம் ஒரு வேடம். கால் மணி நேரம் நொண்டியாக இருந்துவிட்டுக் காலை ஊன்றிக்கொள்ள முடிகிறவனுக்குத்தான் அது ஆட்டம். ஊன்ற முடியாதவன் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து, தன் உடலை மற்றவர்கள் நடித்துக் காட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

நம் உயர் இலக்கியமும் இதில் சளைத்ததில்லை. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களைப் பாட்டியல் நூல்கள் மூன்றாம் மாதம் தொடங்கி இருபத்தொன்றாம் மாதம்வரை வரிசைப்படுத்துகின்றன. குழந்தை செங்கீரை ஆட வேண்டும், சப்பாணி கொட்ட வேண்டும் (இந்தச் சப்பாணி வேறு, கைகொட்டுதல்), வாரானையில் நடந்து வர வேண்டும். பிறகு ஆண் குழந்தைக்குச் சிற்றில் சிதைத்தலும் சிறுபறையும் சிறுதேரும். பெண் குழந்தைக்கு அம்மானை, ஊசல் முதலியவை. பாட்டுடைத் தலைவர் தெய்வமாக இருந்தாலும் அரசராக இருந்தாலும் இந்த உடல் அட்டவணையிலிருந்து தப்ப முடியாது. எந்த மாதத்தில் எது 'இயல்பு' என்று மருத்துவமனைச் சுவரில் தொங்கும் வளர்ச்சிப் படத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பதின்மூன்றாம் மாதத்தில் நடந்து வராத குழந்தைக்கு நம் காவிய மரபில் பருவம் இல்லை.

இதற்கு மாறான ஆட்டங்களும் நம்மிடம் இருக்கின்றன. கிச்சுக் கிச்சுத் தாம்பாளத்தில் மணலைக் கரையாகக் குவித்து, அதற்குள் ஒரு குச்சியை ஒளித்துவைத்து, எதிராளி இரு கைகளையும் கோத்து அது இருக்கும் இடத்தைப் பொத்த வேண்டும். பார்வையற்ற குழந்தைக்கும் பார்வையுள்ள குழந்தைக்கும் அங்கே ஒரே நிலைமை. பல்லாங்குழியை விரல்களால் தடவி எண்ணியே ஆடிவிடலாம். ஆனால் இவை 'பொம்பளப் பிள்ளை ஆட்டம்', 'கிழவிக ஆட்டம்' என்று கீழே வைக்கப்பட்டவை. உட்கார்ந்து ஆடுவது மட்டம், ஓடி ஆடுவது உயர்வு என்ற தரவரிசைக்குள் ஆண் உடலும் ஊனமற்ற உடலும் ஒன்றாகவே உயர்ந்து நிற்கின்றன. 'அப்படியானால் அவர்களுக்கு உட்கார்ந்து ஆடுகிற ஆட்டங்களைக் கொடுத்துவிடலாமே' என்று உடனே ஒரு பதில் வரும். அந்தப் பதில் தரவரிசையைத் தொடாமல், கீழ்ப்படியில் இன்னும் ஒருவருக்கு இடம் ஒதுக்குகிறது, அவ்வளவுதான்.

3

தெருவை விட்டு அரசின் பக்கம் வருவோம். சொல் மாறியிருக்கிறது. 2006–11 தி.மு.க. ஆட்சிக் காலத்தில் 'ஊனமுற்றோர்' போய் 'மாற்றுத்திறனாளி' வந்தது. சட்டமும் இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31ஆம் உறுப்பு விளையாட்டை உரிமை என்கிறது. இந்தியா 1992இல் அதை ஏற்றது. ஊனமுற்றோர் உரிமைக்கான 2006ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 30ஆம் உறுப்பு, ஊனமுற்ற குழந்தைகள் மற்றக் குழந்தைகளுக்குச் சமமாக விளையாட வேண்டும் என்று தனியாகவே சொல்கிறது. 2007இல் இந்தியா அதையும் ஏற்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, பள்ளிகள் விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் சம வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்ட அட்டவணையில் 'தடையற்ற அணுகல்' ஒரு வரி, 'விளையாட்டு மைதானம்' இன்னொரு வரி. இரண்டு வரிகளையும் சேர்த்துப் படிக்கும் பழக்கம் மட்டும் நமக்கு வரவில்லை. வகுப்பறைக்குச் சாய்தளம் போடுகிறோம். அது மைதானம்வரை போவதில்லை. பி.டி. பீரியடில் சக்கர நாற்காலிப் பிள்ளை வகுப்பில் பைகளுக்குக் காவல்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஊனமுற்றவர்கள் 11,79,963 பேர். இவர்களில் எத்தனை குழந்தைகள் எந்தப் பூங்காவுக்குள் போக முடிகிறது? சிற்றூர்ப் பூங்கா ஒன்றின் வாசலைப் பாருங்கள். மாடு நுழையக் கூடாதென்று இரும்புக் குழாயை வளைத்து நெளிவாக வழி விட்டிருப்பார்கள். மாட்டைத் தடுக்கிற அந்த வளைவு சக்கர நாற்காலியையும் தடுத்துவிடும். அதைத் தாண்டினால் மணல், சக்கரம் புதையும். ஊஞ்சல் வெறும் பலகை. முதுகை நிமிர்த்தி உட்கார முடியாத, மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு அதில் பிடிமானம் இல்லை. ராட்டினம் தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் நிற்கும். இவற்றுக்கெல்லாம் மாற்று உண்டு. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது விட்ட சாய்வு, முதுகும் பட்டையும் வைத்த ஊஞ்சல், தரைமட்டத்துக்கு இறக்கிய ராட்டினம், உட்கார்ந்தபடி கை எட்டும் உயரத்தில் மணல் தொட்டி, சத்தத்தில் மிரளும் குழந்தைக்கு ஒதுங்கி இருக்க ஒரு மூலை. இதில் விண்வெளி விஞ்ஞானம் எதுவும் இல்லை. பெங்களூரில் ஊனமுற்ற குழந்தைகளின் பெற்றோர்கள் 'கிலிகிலி' என்ற அமைப்பாகத் திரண்டு, மாநகராட்சியோடு பேசி, கோல்ஸ் பூங்கா போன்ற பொதுப் பூங்காக்களிலேயே இப்படிப்பட்ட மாற்றங்களைச் செய்ய வைத்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டின் பெரிய காட்சி மெரினா. டிசம்பர் 3, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டிச் சில நாட்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை போட்டு எடுத்துவிடுவது வழக்கமாக இருந்தது. அமைப்புகள் விடாமல் கேட்டதன் பேரில் 2022 நவம்பரில் நிரந்தர மரப்பாதை வந்தது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சரிசெய்யப்பட்டது. அந்தப் பாதையில் போய் முதல்முறையாகக் கடலைப் பக்கத்தில் பார்த்தவர்களின் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பாதை ஒருவரைக் கடலைப் பார்க்கக் கொண்டுபோகிறது. பார்வையாளராக இருக்கும் உரிமையில் முடிந்துபோகிற அணுகல், நொண்டி ஆட்டத்தின் கோட்டுக்கு வெளியே போட்ட நல்ல நாற்காலி.

சட்டத்துக்கே இந்தக் கதி நேர்ந்தது. 2016 சட்டத்தை ஒட்டி 2017இல் வந்த விதிகளில் 15ஆம் விதி, அணுகல் தரங்களைச் சொல்லிற்று. ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று, சட்டம் கட்டாயம் என்று சொல்வதை விதி வெறும் பரிந்துரையாகக் கரைத்துவிட்டது, ஆகவே 15(1) செல்லாது என்று தீர்ப்பளித்து, கட்டாய விதிகளை வகுக்க மூன்று மாதம் அவகாசம் கொடுத்தது. வழக்கு தொடுத்தவர் பார்வையற்றவர். மனு போட்டது 2005இல். மீறினால் யாரும் அவுட் ஆகாத ஒரு விதியைத் தெருப் பிள்ளைகள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று நமக்குத் தெரியும்.

4

விளையாட்டு என்பது அன்றாடத்திலிருந்து கோடு கிழித்துப் பிரித்த இடத்திலும் நேரத்திலும், தானே ஏற்ற விதிகளோடு நடக்கும் சுதந்திரச் செயல் என்று ஹூய்சிங்கா 'ஹோமோ லூடன்ஸ்' நூலில் (1938) சொன்னார். கோடு கிழிக்கிற குச்சி யார் கையில் இருக்கிறது என்பதை அவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் குச்சி பிள்ளைகள் கையில் இருந்தபோது விதி இளக்கமாகத்தான் இருந்தது. தெரு கிரிக்கெட்டைப் பாருங்கள். ஓட்டு வீட்டு மேலே பந்து விழுந்தால் அவுட், ஏனென்றால் அந்த வீட்டுப் பாட்டி திட்டும். இடப்பக்கம் சாக்கடை, அதனால் அந்தப் பக்கம் ரன் கிடையாது. ஆள் பத்தாது, ஒரு பிட்ச் கேட்ச். சுவருக்காக விதி மாறுகிறது, சாக்கடைக்காக மாறுகிறது. ஒரு பையனின் காலுக்காக மாறாதா?

மாறியதை நான் பார்த்திருக்கிறேன். எண்பதுகளில் தண்ணீர் வற்றிய குளத்தில் ஆடுவோம். போலியோ வந்து கால் சூம்பிய ஒருவன் எங்களுக்கு அம்பயர். எந்தப் பக்கமும் ஆடாதவன் என்பதால் நியாயமானவன் என்று பெயர். வெளியே வைத்ததையே நற்பெயராக மாற்றிக் கொடுத்திருந்தோம். ஒருநாள் "எனக்கு பேட்டிங் குடுங்கடா" என்றான். யாரும் எதிர்பார்க்கவில்லை. யோசித்து, அவனுக்கு ஒரு ரன்னர் வைத்தோம். மூன்றாவது பந்தை நன்றாகத்தான் அடித்தான். ரன்னர் ஓடிப் பாதியில் மாட்டிக்கொண்டான். ரன் அவுட். "நான் ஓடவே இல்ல, நான் எப்படிடா அவுட்டு?" என்று மட்டையைத் தூக்கி எறிந்தான். வாய்ச்சண்டை கைச்சண்டையானது. இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. அத்தனை வருடத்தில் அவனோடு எங்களுக்கு வந்த முதல் சண்டை அது. அதற்கு முன்பு அவன்மேல் எங்களுக்கு இரக்கம் மட்டும் இருந்தது என்பதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

சர்வதேச கிரிக்கெட்டில் காயம்பட்டவருக்கு ரன்னர் தரும் விதியை ஐ.சி.சி. 2011 அக்டோபரில் எடுத்துவிட்டது. தொழில்முறை ஆட்டத்துக்கு அதற்கான காரணங்கள் இருக்கலாம். தொலைக்காட்சியில் பார்க்கும் அந்த ஆட்டம்தான் அசல், தெருவில் நடப்பது அதன் குறைப்பதிப்பு என்று பிள்ளைகள் நம்பத் தொடங்கும்போது, இளகி வளையும் விதிகளும் சேர்ந்தே போய்விடுகின்றன.

இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல், கோபன்ஹேகனை அடுத்த எம்ட்ரூப்பில் உடைந்த பலகை, செங்கல், கயிறு இவற்றைக் கொடுத்துப் பிள்ளைகளே கட்டி ஆடும் மைதானம் ஒன்று தொடங்கியது. அந்த யோசனையை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த லேடி ஆலன், 1970இல் லண்டன் செல்சியில் ஊனமுற்ற குழந்தைகளுக்காகவே அப்படி ஒன்றைத் தொடங்கினார். ஆபத்து என்று சொல்லி அந்தக் குழந்தைகளைப் பொத்திவைப்பதே பெரிய ஊனம் என்பது அவருடைய நிலைப்பாடு. தனியாக ஒதுக்கிய மைதானம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கருவி நிலையாக நிற்க, குழந்தை அதற்கு ஏற்ப வளைய வேண்டும் என்ற ஏற்பாட்டைத் தலைகீழாக்கிய துணிச்சல் கவனிக்கத்தக்கது.

எதிர்ப்புறத்தில் மாரியப்பன் தங்கவேலு. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டிக்காரர், 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரீசில் வெண்கலம். பெருமைதான். ஆனால் அவர் படத்தைக் காட்டி "நீயும் இப்படி ஆகலாம்" என்று சொல்லும்போது, தாண்டினால்தான் இடம் என்ற செய்தியும் சேர்ந்தே போகிறது. மற்றப் பிள்ளைகள் மாலையில் மோசமாக ஆடித் தோற்றுவிட்டு வீட்டுக்குச் சோறு தின்னப் போகிறார்கள். அந்த மோசமான ஆட்டத்துக்கான உரிமையை யாரும் கேட்பதில்லை.

5

மலையடிவாரத்தில், பழைய பாளையப்பட்டு ஊர், இப்போது பேரூராட்சி. கன்னிவாடி போன்ற ஓர் ஊரில் பூங்கா வருகிறது என்றால் நாம் என்ன கேட்க வேண்டும்?

முதலில், எந்தத் தெருவில் என்று கேட்க வேண்டும். ஊர்த்தெருப் பூங்காவுக்குள் காலனிப் பிள்ளை நடந்து போவதே இன்னும் பேச்சுக்குரியதாக இருக்கும் இடங்களில், கால் வழங்காத காலனிப் பிள்ளையை யார் தூக்கிக்கொண்டு போவது? சாய்தளம் சாதியைத் தாண்டாது. இரண்டாவது, 'சிறப்புப் பகுதி' என்று மூலையில் வேலி போட்டு ஒதுக்கித் தருவதை ஏற்கக் கூடாது. டீக்கடையில் தனிக் குவளையைப் பார்த்த மண் இது; தனியாகக் கொடுப்பது கொடுப்பது ஆகாது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மூன்றாவது, ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளையும் அவர்களுடைய தாய்களையும் கூப்பிட்டு, இவர்களில் ஊனமுற்ற பிள்ளைகளும் இருக்க, கேட்டுவிட்டுக் கட்ட வேண்டும். கட்டிவிட்டுத் திறப்பு விழாவுக்கு மட்டும் கூப்பிடுவது நமக்குப் பழகிப்போனது.

பணம் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டியதில்லை. அறுவடை இல்லாத நாளில் சும்மா கிடக்கும் சிமெண்ட் உலர்களத்தைவிடச் சக்கர நாற்காலிக்கு நல்ல தரை எது? வேண்டியது ஏறி இறங்க ஒரு சரிவு, அதோடு அந்தக் களத்தில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஆடலாம் என்ற ஊர் முடிவு. சரிவுக்கு இரண்டு மூட்டை சிமெண்ட் போதும். ஊர் முடிவுக்குத்தான் போராட வேண்டியிருக்கும்.

'வீட்டுவழிக் கல்வி' என்று பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருக்க, வீட்டுத் திண்ணையில் கிடக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆசிரியர் வருகிறார், பயிற்சியாளர் வருகிறார். சண்டை போட ஒரு கூட்டாளி வருவதில்லை. அந்தப் பிள்ளையிடம் இன்னொரு பிள்ளை "டேய், நீ அவுட்டு, வெளிய போ" என்று சொல்லவும், அதற்கு அது "போடா, இல்ல" என்று மறுத்துக் கத்தவும் ஓர் இடம் வேண்டும். நாம் கேட்பது அந்த இடத்தை.