கொடிக்குப் பெயர் சொல்லும் பிளான்ட்நெட்: எவ்வளவு நம்பலாம்?

‘நல்லா பூக்கும், பந்தல்ல ஏறும்’ என்று நர்சரியில் தலையில் கட்டிய கொடிக்கு, பூத்த பிறகாவது பெயர் தெரிந்தாக வேண்டும். எப்போது கத்தரிப்பது, எவ்வளவு வெயில் கொடுப்பது, குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் படரவிடலாமா என்பதெல்லாம் பெயரைப் பிடித்தால்தான் தெரியவரும். இதற்கென்றே உள்ள ‘பிளான்ட்நெட்’ செயலியை வீட்டுத் தோட்டத்துக் கொடிகளிடம் விட்டுப் பார்த்தேன்.

பிரான்சின் ஆராய்ச்சி நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கி, 2013இல் வெளியிட்ட செயலி இது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் இலவசம். போட்டோவில் இருப்பது இலையா, பூவா, காயா, பட்டையா என்று குறித்துக் கொடுக்கலாம். ஒரே செடியின் பல போட்டோக்களையும் சேர்க்கலாம். ‘இதுதான்’ என்று அடித்துச் சொல்லாமல், பொருந்தக்கூடிய இனங்களைச் சதவீதத்தோடு வரிசைப்படுத்தித் தரும். ஒவ்வொரு பெயரோடும் மாதிரிப் படங்கள் வரும். அவற்றைப் பெரிதாக்கி நம் கொடியோடு ஒப்பிடுவதுதான் பாதி வேலை.

முதலில் ரங்கூன் மல்லி. மாலையில் வெள்ளையாக விரிந்து, மறுநாள் இளஞ்சிவப்பாகி, பிறகு நன்றாகச் சிவக்கும் பூ. மூன்று நிறமும் ஒரே கொத்தில் தொங்கும்போது எடுத்த படம் என்றால் செயலிக்குச் சிரமமே இல்லை. ‘காம்ப்ரீட்டம் இண்டிகம்’ என்று காட்டும். பழைய புத்தகங்களில் இருக்கும் ‘குயிஸ்குவாலிஸ் இண்டிகா’வும் இதே கொடிதான்.

மல்லிகைக் குடும்பத்துக்கு வந்தால்தான் சோதனை. வெள்ளைப் பூவை மட்டும் நெருக்கத்தில் எடுத்துக் கொடுத்தால் சதவீதம் பல பெயர்களுக்குச் சிதறிப்போகிறது. இலையையும் சேர்த்ததும் பட்டியல் சுருங்குகிறது. குண்டுமல்லிக்குத் தனி இலை. பிச்சிக்கு ஒரே காம்பில் ஐந்து முதல் ஒன்பது வரை சிற்றிலைகள். முல்லையில் பெரிய இலைக்கு அடியில் பெரும்பாலும் இரண்டு குட்டி இலைகள், காது வைத்ததுபோல ஒட்டியிருக்கும். ஆனால் குண்டுமல்லி, அடுக்குமல்லி இரண்டுக்கும் ஒரே பெயர்தான் வரும். இனத்தைத்தான் இது சொல்லும். ரகம் பிரித்துச் சொல்வது இதன் வேலை அல்ல.

பூண்டுக்கொடி இன்னொரு விதம். ஊதாவாக மலர்ந்து வெளிறிக்கொண்டே போகும் பூவுக்கு, அன்று என்ன நிறமோ அதைத்தான் கேமரா பார்க்கும். இங்கே சாட்சி இலைதான்: ஒரே காம்பில் இரண்டு சிற்றிலைகள், பல இடங்களில் அவற்றின் நடுவே ஒரு பற்றுக்கம்பி. அந்தக் கணுவைத் தெளிவாக எடுத்துக் கொடுங்கள். பிறகு ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தால் பூண்டு வாசனை வரும். எந்த கேமராவாலும் செய்ய முடியாத சோதனை அது.

போட்டோ எடுக்கும்போது சில விஷயங்கள். உச்சி வெயிலில் வெளிர்நிறப் பூக்கள் வெளுத்துப்போகும். காலை நிழலே நல்லது. சுவர் முழுக்கப் படர்ந்த கொடியைத் தூரத்திலிருந்து எடுத்தால் பயனில்லை. பூவின் முகம், பூவின் பின்பக்கம், முழு இலை, இலை தண்டோடு சேரும் கணு என்று தனித்தனியாக எடுக்க வேண்டும். பின்னால் வேறு செடி தெரிந்தால் ஒரு வெள்ளைத்தாளை வையுங்கள்.

போட்டோ எடுக்கக்கூடப் பொறுமை இல்லாதவர்களுக்கு ‘சீக்’ என்ற செயலி இருக்கிறது. ஐநேச்சுரலிஸ்ட் குழுவினருடையது, கணக்கு தொடங்கத் தேவையில்லை. கேமராவைக் காட்டினாலே குடும்பம், பேரினம், இனம் என்று படிப்படியாக இறங்கும். உறுதியாகத் தெரியாவிட்டால் பேரினத்தோடு நின்றுவிடும். பிள்ளைகளோடு தோட்டத்தில் சுற்ற அது போதும். ஒரு கொடியை உட்கார்ந்து தீர விசாரிக்க பிளான்ட்நெட்தான் வசதி.

ஒரே ஒரு எச்சரிக்கை. சங்குப்பூவில் டீ போடும் காலம் இது. பந்தலில் ஏறியதையெல்லாம் செயலியை நம்பிச் சமையலறைக்குக் கொண்டுபோகக் கூடாது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளும் கொடிதான். அதன் எல்லாப் பாகத்திலும், குறிப்பாகக் கிழங்கில், கொல்கிசின் என்ற நஞ்சு உண்டு.

பூவும் இலையும் சேர்ந்து இருந்து, முதல் பெயருக்கும் அடுத்ததற்கும் சதவீதத்தில் நல்ல இடைவெளி இருந்தால் பிளான்ட்நெட் சொல்வதை ஏற்றுக்கொள்ளலாம். இரண்டும் அருகருகே நின்றால் இன்னொரு இலையைப் படமெடுங்கள். செலவில்லாத செயலியிடம் இதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டியதில்லை. தோட்டம் வைத்திருப்பவர்கள் போனில் தாராளமாக ஏற்றிக்கொள்ளலாம்.